பாட்ரேஸ் ஆட்டத்தை வீட்டில் பார்க்க: கேபிளா, எம்எல்பி டிவியா, பாட்ரேஸ் டிவியா?

சான் டியேகோவின் பேஸ்பால் டீம் பாட்ரேஸ். அவர்களுடைய மைதானமான பெட்கோ பார்க் எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம். அங்கே நடக்கிற ஆட்டத்தை ஒழுங்காக வீட்டு டிவியில் பார்க்க எனக்கு நான்கு சீசன் ஆனது. 2021-ல் ரேடியோ, 2022-லும் 2023-லும் கேபிள், 2024-ல் பாட்ரேஸ் டிவி என்ற ஸ்ட்ரீமிங் சேவை. சான் டியேகோவுக்குப் புதிதாக வந்த நண்பர்கள் எதை எடுக்கலாம் என்று கேட்கும்போதெல்லாம் போனில் அரை மணி நேரம் பேசுகிறேன். அதையே இங்கே எழுதி வைக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு பாட்ரேஸ் டிவிக்குத்தான்.

முதலில் பிளாக்அவுட் என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க பேஸ்பாலில் ஒவ்வொரு டீமுக்கும் ஒரு எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் ஆட்டத்தைக் காட்டும் உரிமையை டீம் வழக்கமாக ஒரு உள்ளூர் விளையாட்டுச் சேனலுக்கு விற்றுவிடும். அந்தச் சேனல் கேபிள் கம்பெனிகளிடம் வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் கேட்கும். அது படிந்தால் படம் வரும், படியாவிட்டால் வராது. எல்லைக்குள் இருக்கிறவர் வேறு வழியில் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, லீக்கை நடத்தும் எம்எல்பியின் (மேஜர் லீக் பேஸ்பால்) சொந்த ஸ்ட்ரீமிங்கான எம்எல்பி டிவியிலும் அந்த டீமின் நேரலையை அடைத்துவிடுவார்கள். விளைவு என்னவென்றால், நியூஜெர்சியில் இருக்கும் என் சித்தப்பா மகன் பாட்ரேஸ் ஆட்டங்களை நிம்மதியாகப் பார்க்கிறான். இங்கே சான் டியேகோவில் இருக்கிற என்னால் அதில் பார்க்க முடியாது.

நாங்கள் மட்டும் படும் பாடு இல்லை இது. ஐயோவா மாநிலத்தில் பெரிய லீக் டீம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் கப்ஸ், ஒயிட் சாக்ஸ், கார்டினல்ஸ், ராயல்ஸ், ட்வின்ஸ், ப்ரூவர்ஸ் என்று ஆறு டீம்களின் எல்லை அங்கே வந்து விழுந்திருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் கதை இன்னும் வேதனையானது. டாட்ஜர்ஸ் 25 வருடத்துக்கு 835 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு, 2014-ல் தனிச் சேனல் தொடங்கினார்கள். மற்ற கம்பெனிகள் அந்த விலைக்கு வாங்க மறுத்துவிட்டன. சாட்டிலைட் டிவி கம்பெனியான டைரக்ட் டிவி அந்தச் சேனலைச் சேர்த்தது 2020 ஏப்ரலில்தான். 1950 முதல் டாட்ஜர்ஸின் குரலாக இருந்தவர் வின் ஸ்கல்லி. அவர் 2016-ல் ஓய்வு பெற்றார். அவருடைய கடைசி மூன்று சீசனை அந்த நகரத்தின் பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் டிவியில் பார்க்கவில்லை. கடைசி ஆறு ஆட்டங்களை மட்டும் ஒரு உள்ளூர் இலவசச் சேனலும் சேர்ந்து காட்டியது. ஒரு ஊர் மூன்று தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த குரல் அது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

எம்எல்பி டிவியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. எல்லா டீம்களும் உண்டு, படம் நன்றாக இருக்கும், சில செல்போன் திட்டங்களோடு இலவசமாகவே கிடைக்கும். ஆனால் நீங்கள் சான் டியேகோவில் இருந்து பாட்ரேஸ் ரசிகராகவும் இருந்தால், இதை மட்டும் வாங்கிப் பயனில்லை. ஆட்டம் முடிந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் முழுப் பதிவு திறக்கும். 6:40-க்குத் தொடங்கும் ஆட்டம் ஒன்பதரைக்கு முடிந்தால், பதினொரு மணிக்கு மேல்தான் பார்க்க முடியும். மறுநாள் வேலைக்குப் போகிறவருக்கு அது ஒத்துவராது. வேறு ஊர் டீமை நேசிக்கிறவருக்கு, அதாவது இங்கே குடியேறிய ரெட் சாக்ஸ் ரசிகருக்கு, இதைவிட நல்லது வேறில்லை.

அடுத்தது கேபிள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பணம் இழந்தது இதில்தான்.

2022 ஏப்ரலில் ஒரு கம்பெனியிடம் 24 மாத ஒப்பந்தம் போட்டேன். விளம்பரத்தில் மாதம் 70 டாலர். முதல் பில் வந்த அன்று அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து, நானும் மனைவியும் பேனாவால் ஒவ்வொரு வரியாக டிக் அடித்துப் பார்த்தோம். உள்ளூர் சேனல்களுக்கு ஒரு கட்டணம், பெட்டி வாடகை, இரண்டாவது அறைப் பெட்டிக்கு இன்னொரு வாடகை, வரி, அப்புறம் ‘பிராந்திய விளையாட்டுக் கட்டணம்’ என்று ஒரு வரி. மொத்தம் 118 டாலர். அந்த விளையாட்டுக் கட்டணம் சேனல் பேக்கோடு ஒட்டி வருவது. ஆட்டமே பார்க்காத வீட்டுக்கும் உண்டு, ஆட்டமே நடக்காத மாதத்துக்கும் உண்டு.

இந்த ஒப்பீட்டில் முடிவு செய்ய வேண்டிய விஷயம், என் கணக்கில், இந்த ஆட்டமே நடக்காத மாதங்கள்தான். மாத விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். பேஸ்பால் சீசன் மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசியை ஒட்டி முடிகிறது. 162 ஆட்டம், ஆறு மாதம். டீம் பிளேஆஃபுக்கு, அதாவது சீசன் முடிந்ததும் நடக்கும் சாம்பியன் சுற்றுகளுக்கு, போனால் அக்டோபரையும் சேர்த்துக்கொள்ளலாம். மீதி மாதங்களில் திரையில் ஒன்றும் இல்லை. என் ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ல் பாட்ரேஸ் டாட்ஜர்ஸைத் தோற்கடித்து லீக் இறுதிச் சுற்று வரை போனார்கள், அதனால் அந்த அக்டோபரை விட்டுவிடுகிறேன். நவம்பர் முதல் பிப்ரவரி வரை 4 மாதம். 2023-ல் பிளேஆஃப் இல்லை, ஆகவே அக்டோபர் முதல் பிப்ரவரி வரை 5 மாதம். ஆகக் கூடி 9 மாதம், மாதம் 118 டாலர் வீதம் 1,062 டாலர். சீசன் ஆட்டம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத மாதங்களுக்கு நான் கட்டிய பணம் இது. நடுவில் நிறுத்தலாமே என்று கேட்டால், ஒப்பந்தத்தை முன்கூட்டியே முறிப்பதற்கு அபராதம் கேட்டார்கள். அது கிட்டத்தட்ட மிச்ச மாதங்களின் பில்லுக்குச் சமமாக வந்தது.

கேபிளில் நல்லதே இல்லையா என்றால், உண்டு. ஒரே ரிமோட், சேனல் நம்பர் மனப்பாடம், படம் தாமதமில்லாமல் வரும். வீட்டில் அமெரிக்கச் செய்தியும் மற்ற விளையாட்டுகளும் வருடம் முழுக்க ஓடுகிறதென்றால் கணக்கு மாறலாம். எங்கள் வீட்டில் தமிழ் சேனல்களுக்குத் தனி ஆப் இருக்கிறது. கேபிள் பெட்டியைத் தொட்டதே பாட்ரேஸுக்காகத்தான். சாட்டிலைட் டிஷ் நான் வைத்ததில்லை, அதனால் அதன் படத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒப்பந்தக் காலத்தை மட்டும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

ஃபூபோ போன்ற நேரலை ஸ்ட்ரீமிங்குக்கு ஒப்பந்தம் கிடையாது, அது பெரிய நிம்மதி. ஆனால் 2024-ல் மாதம் 80 டாலரை ஒட்டி ஆனது. அதோடு, இந்த வகைச் சேவைகள் எல்லாமே பாட்ரேஸ் சேனலைத் தருவதில்லை. கார்டு நம்பரைக் கொடுப்பதற்கு முன் உங்கள் ஜிப் கோடைப் போட்டுச் சேனல் பட்டியலைப் பாருங்கள்.

இனி பாட்ரேஸ் டிவி. இது வந்த விதமே ஒரு கதை. பாட்ரேஸின் உள்ளூர் சேனலை நடத்திய டயமண்ட் குழுமம் 2023 மார்ச்சில் திவால் மனு போட்டது. ஜனங்கள் கேபிளை வெட்டிக்கொண்டே போனதில் வீட்டுக்கு இவ்வளவு என்ற வருமானம் சுருங்கிவிட்டது. டீமுக்குத் தர வேண்டிய தவணை நின்றது. அந்த வருடம் மே 31 முதல் எம்எல்பியே ஒளிபரப்பை எடுத்துக்கொண்டது. அன்று மயாமியில் ஆட்டம். வர்ணனையாளர்கள் டான் ஒர்சில்லோவும் மார்க் கிராண்டும் அப்படியே தொடர்ந்தார்கள். முதல் சில நாள் இலவசமாகவே காட்டினார்கள். அதுவரை சுமார் 11 லட்சம் வீடுகளுக்குப் போன ஆட்டம் இனி 32 லட்சம் வீடுகளுக்கு எட்டும் என்று எம்எல்பி அறிவித்தது. கேபிள் இல்லாதவர்களுக்கு மாதம் 19.99 டாலர், பிளாக்அவுட் கிடையாது. கேபிள் ஒப்பந்தம் இன்னும் பத்து மாதம் பாக்கி இருந்த நான் அந்தச் செய்தியைப் பலமுறை படித்தேன்.

2024-ல் முழு சீசனுக்கு 99.99 டாலர் கட்டினேன். என் பழைய கேபிள் பில்லின் ஒரு மாதத் தொகைகூட இல்லை. ஒரு ஆட்டத்துக்கு ஒரு டாலரும் ஆகவில்லை.

அந்த ஏப்ரலில் அப்பா ஊரிலிருந்து வந்தார், ஆறு மாதம் தங்க. நம் பெற்றோர் வந்து தங்குகிற காலமும் பேஸ்பால் சீசனும் ஒன்றாகவே அமைகின்றன. பகலில் நாங்கள் வேலைக்குப் போய்விடுவோம். காரில்லாமல் எங்கேயும் போக முடியாத ஊர். முதல் வாரம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். ரிமோட்டில் ஒரே பட்டனில் ஆட்டம் வரும்படி வைத்துக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் ஸ்ட்ரைக், பால், அவுட் எல்லாம் பிடிபட்டுவிட்டது. மே மாதத்தில் நான் வீட்டுக்குள் நுழையும்போதே, “வாடா, மச்சாடோ இப்பத்தான் ரெண்டு ரன் அடிச்சான்” என்று தொடங்குவார்.

ஜூலை 25, வியாழக்கிழமை. வாஷிங்டனில் பகல் ஆட்டம், நமக்குக் காலை. அங்கே மழையால் ஆட்டம் நின்று தொடங்கியது. நான் அலுவலகத்தில் மீட்டிங்கில் இருந்தேன். மதியம் அப்பாவிடமிருந்து போன். அந்த நேரத்தில் கூப்பிடுகிறவர் இல்லை, பதறி எடுத்தேன். “சீஸ்னு ஒருத்தன் வீசுறான்டா. ஒம்போது இன்னிங்ஸும் ஒருத்தனும் ஹிட் அடிக்கல. எல்லாரும் ஓடி வந்து அவனைக் கட்டிப் பிடிக்கிறாங்க” என்றார். டிலன் சீஸ் போட்ட நோ-ஹிட்டர் அது. 1969 முதல் ஆடிவரும் பாட்ரேஸின் வரலாற்றில் இரண்டாவது. முதலாவது 2021 ஏப்ரல் 9-ல் ஜோ மஸ்குரோவ் வீசியது. மஸ்குரோவ் இந்த சான் டியேகோ கவுண்டியிலேயே வளர்ந்த பையன். 52 வருடம் காத்திருந்து உள்ளூர்ப் பையன் கையால் கிடைத்ததை நான் சமையலறையில் ரேடியோ பக்கத்தில் நின்று கேட்டேன். அந்தச் சேனல் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. இரண்டாவதை அப்பா முழுதாகப் பார்த்தார். என் தேர்வு சரி என்று எனக்கு உறுதியானது அன்றுதான்.

குறைகளும் உண்டு. பாட்ரேஸ் டிவியில் 162-ம் வராது. ஆப்பிளின் வெள்ளிக்கிழமை ஆட்டம், ஃபாக்ஸின் சனிக்கிழமை ஆட்டம், ஞாயிறு இரவு ஆட்டம் (2025 வரை ஈஎஸ்பிஎன்னில் வந்தது) போன்றவை தேசிய ஒளிபரப்புக்குப் போய்விடும். ஃபாக்ஸுக்கு 30 டாலர் ஆன்டெனா ஒன்றை ஜன்னலில் ஒட்டினேன், போதும். பிளேஆஃப் முழுக்கவே தேசியச் சேனல்களில்தான். 2024 அக்டோபரில் டாட்ஜர்ஸோடு ஐந்து ஆட்டத் தொடர் நடந்தபோது ஒரு நேரலை ஸ்ட்ரீமிங் சேவையை ஒரே மாதத்துக்கு எடுத்து, முடிந்ததும் நிறுத்தினேன். கடைசி 24 இன்னிங்ஸில் நம்மவர்கள் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. அந்த வருத்தம் தனி. இன்னொன்று, ஸ்ட்ரீமிங்கில் படம் அரை நிமிடத்துக்கும் மேல் பின்தங்கி வருகிறது. போனில் ஸ்கோர் அறிவிப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள், இல்லாவிட்டால் ஹோம் ரன் முதலில் பாக்கெட்டில் அதிரும்.

ரேடியோவைக் கடைசியில் வைத்தாலும் தாழ்வாகச் சொல்லவில்லை. 97.3 எஃப்எம்மில் எல்லா ஆட்டமும் இலவசம். பாட்ரேஸின் பழைய நட்சத்திரம் டோனி குவின்னின் மகன் வர்ணனையில் இருக்கிறார். காரில் போகும்போது எனக்கு இன்றும் அதுதான். எம்எல்பியின் ஆடியோ பேக் தனியாகக் கிடைக்கும், அதற்கு பிளாக்அவுட் இல்லை. பொங்கல் சமயத்தில் சேப்பாக்கம் டெஸ்டின் தமிழ் வர்ணனையை டிரான்சிஸ்டரில் கேட்டு வளர்ந்தவர் அப்பா. ஊருக்குத் திரும்பியதும் அந்த ஆடியோவைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார். இங்கே மாலை 6:40 என்றால் அங்கே மறுநாள் காலை 7:10. காபியோடு உட்கார்ந்துவிடுகிறார். ஆங்கிலம் முழுதும் பிடிபடாவிட்டாலும் கூட்டத்தின் சத்தத்தை வைத்தே தெரிந்துவிடுகிறது என்கிறார்.

ஆக, இந்த ஊரில் இருந்து இந்த ஊர் டீமை மட்டும் பார்க்கிறவர் பாட்ரேஸ் டிவியும் ஒரு ஆன்டெனாவும் வாங்கினால் போதும். பாட்ரேஸோடு மற்ற டீம்களும் வேண்டுமென்றால் எம்எல்பி டிவியைக் கூடச் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டில் ஏற்கெனவே கேபிள் இருந்து, வேறு காரணத்துக்காக அது தேவைப்படுகிறதென்றால், அந்தப் பேக்கில் பாட்ரேஸ் சேனல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். நான் சொன்ன விலைகள் 2022 முதல் 2024 வரை இருந்தவை, சீசன் தொடங்குமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சீசன் கட்டணம் கட்டினால் அடுத்த வருடத்துக்குத் தானாகப் புதுப்பிக்கும் வசதி ஆன் ஆகியிருக்கும். நான் பிப்ரவரி முதல் தேதிக்கு காலண்டரில் ஒரு நினைவூட்டல் வைத்திருக்கிறேன்.