38,000 கிலோமீட்டருக்குப் பிறகு கேப்ரியல் ஷாக் அப்சார்பர்: ஒரு மதிப்பீடு

எங்கள் மாருதி ஸ்விஃப்ட் காரின் நான்கு சக்கரங்களுக்கும் கேப்ரியல் நிறுவனத்தின் கேஸ் ஷாக் அப்சார்பர்களைப் பொருத்தி 38,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். நாமக்கல்லைச் சுற்றியுள்ள கிராமச் சாலைகளிலும், மாதம் ஒருமுறையாவது ஏறி இறங்கும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஓடிய வண்டி இது. 1961இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் பல வாகனத் தயாரிப்பாளர்களுக்கும் நேரடியாக ஷாக்குகளை வழங்குவதால், நம் வண்டிக்குரிய சரியான எண்ணில் உதிரி கிடைப்பது எளிதாக இருந்தது.

இதற்கு முன் வேறொரு நிறுவனத்தின் ஷாக்குகளைப் போட்டிருந்தேன். எட்டே மாதங்களில் முன்பக்க இடது ஷாக்கிலிருந்து எண்ணெய் வழிந்தது. பொருள்தான் மட்டம் என்று நானும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் ஒன்றும் பேசாமல் ஷாக்கின் குழாய்க்குள் போய்வரும் தண்டான பிஸ்டன் ராடைத் துணியால் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். கண்ணாடிபோல் மின்னும் குரோம் பூச்சின் நடுவே, பல் பதிந்தாற்போல் நான்கைந்து கீறல்கள். நகத்தை வைத்து இழுத்தால் தட்டியது. மேல் நட்டை இறுக்கும்போது ராடு சுற்றாமலிருக்க, பொருத்தியவர் அதைப் பிளேயரால் பிடித்திருக்கிறார். அந்தக் கீறல்கள் ஒவ்வொரு குலுக்கலுக்கும், எண்ணெய் வெளியேறாமல் ராடைச் சுற்றி அடைக்கும் ஆயில் சீலை அறுத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. எனவே அந்தப் பொருளின் பெயரை இங்கே சொல்வது நியாயமாகாது.

ஷாக் இறுக்கமாக இருந்தால் நீண்ட நாள் உழைக்கும் என்பது நம்மிடையே பரவலாக உள்ள எண்ணம். உண்மையில் அதன் ஆயுள் பெரும்பாலும் சீல், ராடு, உள்ளிருக்கும் எண்ணெயின் சூடு ஆகிய மூன்றைச் சார்ந்தது. ஷாக், எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளி, ஸ்பிரிங்கின் ஆட்டத்தைச் சூடாக மாற்றுகிறது. குண்டும் குழியுமான சாலையில் விடாமல் ஓடும்போது, சாதாரண எண்ணெய் ஷாக்கில் காற்று கலந்து நுரை கட்டுவதால் பிடிமானம் தளர்கிறது. நைட்ரஜன் அடைத்த கேஸ் ஷாக்கில் அந்த அழுத்தம் நுரையைப் பெருமளவு தடுக்கிறது. மலையிறக்கத்தின் கடைசி வளைவிலும் முதல் வளைவில் இருந்த அதே நிதானத்தோடு வண்டி திரும்பியபோதுதான் இந்த வேறுபாடு எனக்குப் புரிந்தது. முதல் சில வாரங்கள் வேகத்தடைகளில் சற்று விறைப்பாகத் தெரிந்தது. பழைய ஷாக்கின் தொளதொளப்புக்கு உடம்பு பழகியிருந்ததும் காரணமாக இருக்கலாம்.

ஒற்றைக் குழாய் ஷாக்குகள் சூட்டை இன்னும் விரைவாக வெளியேற்றும் என்பது உண்மையே. ஆனால் அவற்றில் பிஸ்டன் நேரடியாக வெளிக்குழாயின் உட்சுவரில் ஓடுவதால், ஒரு கல் தெறித்துக் குழாய் ஒடுங்கினாலே பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். ஜல்லி பரப்பிய சாலையில் ஓடும் குடும்பக் காருக்கு, பிஸ்டன் ஓடும் உட்குழாயைச் சுற்றி இன்னொரு குழாய் உள்ள இரட்டைக் குழாய் ஷாக்கே போதும் என்பது என் கருத்து.

லாரிக்கு வந்தால் கணக்கே வேறு. என் மைத்துனர் லாரி வைத்திருக்கிறார். பாரம் கூடியதற்காக இறுக்கமான ஷாக் போட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். பாரத்தைச் சுமப்பது பட்டை ஸ்பிரிங்; ஷாக் ஆட்டத்தை மட்டுமே அடக்குகிறது. லாரிக்குத் தேர்ந்தெடுக்கும்போது எண்ணெய் அதிகம் கொள்ளும் பருமனான குழாயையும், இரு முனைகளிலும் போல்ட்டைச் சுற்றி உள்ள ரப்பர் வளையமான புஷ்ஷின் தரத்தையும் பார்க்க வேண்டும். அவர் வண்டியில் ஒவ்வொரு முறையும் எண்ணெய் கசிவதற்கு முன்பே புஷ்தான் நைந்துபோகிறது. ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை பாரம் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் நீளத்திலும் கவனம் தேவை, ஏனெனில் காற்றுப்பை அளவுக்கு மீறி நீளாமல் பிடித்து நிறுத்துவதும் பெரும்பாலும் ஷாக்தான். பழைய ஷாக்கை அறுத்து, எண்ணெய் மாற்றி, வண்ணம் பூசி விற்கும் ரீகண்டிஷன் சரக்கை மட்டும் இருவருமே தொடுவதில்லை.

பொருத்துவதில் இம்முறை நான் அருகிலேயே நின்றேன். ஒரு அச்சில் இரண்டையும் சேர்த்தே மாற்றினார்கள். ஷாக் முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப்பும், தூசி உறையும் புதிதாகப் போட்டார்கள். புஷ் முறுக்கிக்கொள்ளாதிருக்க, வண்டியை ஜாக்கிலிருந்து இறக்கிச் சக்கரம் பாரம் தாங்கிய பிறகே கீழ் போல்ட்டுகளை இறுக்கினார்கள். கடைசியில் வீல் அலைன்மெண்ட் பார்த்தார்கள். மேல் நட்டுக்கு மட்டும் மெக்கானிக் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "அண்ணா, பிளேயர் பெட்டியிலேயே இருக்கு," என்று சொல்லி, ராடின் நுனியிலிருந்த குழியில் ஆலன் கீயைச் செருகினார்.

சென்ற வாரம் நான்கு ராடுகளையும் துடைத்துப் பார்த்தேன். துணியில் படிந்தது செம்மண் மட்டுமே.