வாடைக்காலக் கடலோரப் பயணம்: பைபர் படகா, மூன்றரைத் தொன்னா?

கடலோரமாகப் பல நாள் போய்வர ஆசை என்று திருகோணமலையில் யாரிடம் சொன்னாலும், சித்திரை பிறக்கட்டும் என்பார்கள். தப்பில்லாத அறிவுரைதான். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிழக்குக் கடல் குளம்போலக் கிடக்கும். ஆனாலும் மார்கழிக்கும் மாசிக்கும் இடையில் போக விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் மனைவியும் அந்த ரகம். வெயில் தணிந்திருக்கும், நிலாவெளியிலும் பாசிக்குடாவிலும் அறை வாடகை இறங்கியிருக்கும், புறாத் தீவைச் சுற்றிப் படகு நெரிசல் இராது. இத்தனைக்கும் விலையாக வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்றைச் சமாளிக்க வேண்டும்.

இருவர் மட்டும் ஓட்டிப் போகக்கூடிய படகென்று பார்த்தால் நம் கரையில் இரண்டு வகைதான் கைக்கு எட்டும். ஒன்று, 18 முதல் 23 அடி வரையிலான பைபர் படகு. 25 குதிரைவலு அளவில் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டியது. மற்றது 28 அடி மூன்றரைத் தொன் படகு. உள்ளே டீசல் இயந்திரம், முன்னால் குனிந்து நுழையும் ஒரு சிறு அறை. இரண்டிலும் நாங்கள் போயிருக்கிறோம். கோடையில் கேட்டால் பைபர் படகென்று யோசிக்காமல் சொல்வேன். வாடைக்காலத்துக்கு என் கணக்கு மாறுகிறது. காரணம் வேகமோ செலவோ இல்லை. இருட்டுவதற்குள் எந்தத் துறைமுக வாய்க்குள் நுழைவது என்ற ஒரே கேள்விதான்.

முதலில் வேகத்தைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பைபர் படகுக்காரர்கள் வாதத்தை அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அமைதியான நீரில் பைபர் படகு மணிக்கு 12 கடல் மைல் சுலபமாக ஓடும். மூன்றரைத் தொன் ஆறு, மிஞ்சினால் ஆறரை. நீரைப் பிளந்து போகும் அந்த உடலமைப்புக்கு அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் பயனில்லை. ஆனால் ஒன்றரை மீற்றர் அலை எழும் நாளில் பைபர் படகும் ஐந்து, ஆறுக்கு இறங்கிவிடும். இறங்காவிட்டால் ஒவ்வொரு அலையிலும் அடிப்பாகம் அறைந்து விழும். பலகையில் உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பு அதை எண்ணிக்கொண்டே வரும். ஆக, வாடையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகம்தான்.

எரிபொருளிலும் இதே கதை. நீரின்மேல் எழும்பி ஓடும் வேகத்தை இழந்த பைபர் படகு, மெதுவாகப் போவதால் சிக்கனமாகிவிடாது. கடல் மைலுக்கு ஒரு லீற்றர் அளவு குடிக்கும். டீசல் படகு அதில் மூன்றில் இரண்டு பங்கோடு முடித்துக்கொள்ளும். வடக்கே பருத்தித்துறை வரை ஏறத்தாழ 95 கடல் மைல். மூன்றிலொரு பங்கு கையிருப்பையும் சேர்த்தால், பைபர் படகில் 20 லீற்றர்க் கலன்கள் ஆறேழு காலடியில் உருண்டுகொண்டு வரும். அவற்றுக்கு நடுவே அடுப்புப் பற்றவைக்க என் மனைவி சம்மதிக்கவில்லை. அவள் சொன்னதுதான் நியாயம்.

இனித்தான் உண்மையான வேறுபாடு. பைபர் படகின் பெரிய பலமே துறைமுகம் தேவையில்லாததுதான். எந்த மணலிலும் ஏற்றி, நாலு பேரைக் கூப்பிட்டு இழுத்துவிடலாம். வாடைக்காலத்தில் இந்தப் பலம் இரண்டு வகையில் பறிபோகிறது. கரையில் அலை உடைந்துகொண்டிருக்கும்போது படகை மணலுக்குக் கொண்டுபோவது பிறந்ததிலிருந்து அதையே செய்கிறவர்களின் வேலை. அலை எண்ணிக்கை தெரியாமல் நுழைந்தால் பின்னால் வரும் அலை படகைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடும். இரண்டாவது காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. கொக்கிளாய், நாயாறு பக்கம் வாடி என்னும் தற்காலிகக் குடிசைகள் போட்டிருக்கும் மேற்குக் கரை மீனவர்கள் சிலாபத்துக்கும் நீர்கொழும்புக்கும் திரும்பிப்போகும் காலம் இது. கோடையில் ஆளும் வெளிச்சமுமாக இருந்த கரையில் இப்போது வெறும் கம்புகள் நிற்கும். கூப்பிட நாலு பேர் இல்லை.

ஆறு, களப்புகளின் முகத்துவாரம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, மழைக்கு வெட்டிக்கொண்டு திறந்தும் இருக்கும். உள்ளிருந்து வெள்ளம் வெளியே தள்ள, வெளியிலிருந்து வாடை உள்ளே தள்ள, இரண்டும் முட்டும் இடத்தில் அலை செங்குத்தாக எழும்பும். மணல் திட்டு போன மாதம் இருந்த இடத்தில் இராது. நம் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரைக்கூட எட்டாததால், நீர் ஏறட்டும் நுழையலாம் என்று காத்திருப்பதிலும் பெரிய இலாபமில்லை.

எனவே மிஞ்சுவது முறையான துறைமுகங்கள். இங்கே வரைபடத்தை விரித்தால் தெற்கும் வடக்கும் இரண்டு வேறு உலகம். திருகோணமலையின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, கொட்டியாரக் குடாவைக் கடந்து, இலக்கந்தை, வெருகல், கதிரவெளி, வாகரை என்று இறங்கினால் வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகம் நேர்கோட்டில் 45 கடல் மைலுக்குள் வந்துவிடும். ஆறு மைல் வேகத்தில் எட்டு மணி நேரம். டிசம்பரில் சூரியன் ஆறேகாலுக்கு எழுந்து மாலை ஆறுக்குள் மறைந்துவிடும் என்றாலும், விடியலில் புறப்பட்டால் பகல் மிச்சமிருக்கவே போய்ச் சேரலாம். காற்று இடது பக்கத்தில், சற்றுப் பின்னிருந்து வரும். இந்த மாதங்களில் கிழக்குக் கரையோர நீரோட்டமும் தெற்கு நோக்கி ஓடுவதால் கொஞ்சம் தள்ளியும் விடும். திரும்பும்போது அதே நீரோட்டம் கடனை வட்டியோடு கேட்கும். வரும் நாளுக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

வடக்கே கதை வேறு. குச்சவெளி, புல்மோட்டை, கொக்கிளாய், முல்லைத்தீவு, சாலை, சுண்டிக்குளம், வெற்றிலைக்கேணி என்று பெயர்கள் வரிசையாக வந்தாலும், மூன்றரைத் தொன் படகு வாடையில் நம்பி ஒதுங்கத் துறைமுகம் ஒன்றும் இல்லை. பருத்தித்துறை முனையைச் சுற்றி மயிலிட்டிக்கோ காங்கேசன்துறைக்கோ போனால்தான் நிம்மதி. 16 மணி நேரத்துக்குக் குறையாத ஓட்டம், அதில் நாலைந்து மணி நேரமாவது இருட்டில். கரை வடமேற்காகச் சாய்ந்து போவதால் வடகீழ்க் காற்று நேராகக் கரையை நோக்கியே தள்ளும். இரண்டு மைல் வெளியே இயந்திரம் நின்றால், ஒன்றிரண்டு மணி நேரத்தில் படகு உடையும் அலைக்குள் இருக்கும். வடக்கின் நியாயத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும்: முல்லைத்தீவுப் பக்கம் கடலடித் திட்டு அகலம், ஆழம் குறைவு, நங்கூரம் பிடிக்கும். கோணேசர் மலைக்கு வெளியேயோ கடல் அடியில் பள்ளத்தாக்காக இறங்கிவிடுவதால் கயிறு எட்டாது. ஆனால் அதே ஆழமின்மைதான் அங்கே அலையைக் குட்டையாகவும் செங்குத்தாகவும் ஆக்குகிறது. அந்த அலையில் நங்கூரத்தில் கிடந்து இரவைக் கழிக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

பழுது என்று வந்தால் பைபர் படகு வெல்கிறது, அதுவும் நன்றாகவே. மகாவலி வெள்ளம் கொட்டியாரக் குடாவுக்குள் கொண்டுவந்து தள்ளும் கட்டைகளும் கொடிகளும், அறுந்த வலைத் துண்டுகளும் இந்தக் காலத்துக்கே உரியவை. வெளியிணைப்பு இயந்திரத்தில் விசிறியில் வலை சுற்றினால், தூக்கிச் சாய்த்துக் கத்தியால் அறுத்துவிடலாம். டீசல் படகிலோ ஒருவர் கத்தியோடு தண்ணீரில் இறங்க வேண்டும், ஏறி இறங்கும் மூன்றரைத் தொன்னுக்கு அடியில். இருவர் மட்டும் போகும் பயணத்தில் இது சின்ன விஷயமில்லை.

டீசலுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. மாதக்கணக்கில் அசையாமல் நின்ற படகின் தாங்கியடியில் சேறும் நீரும் படிந்திருக்கும். துறைமுகத்துக்குள் ஓடும்வரை ஒன்றும் தெரியாது. வெளியே வந்து படகு புரளத் தொடங்கியதும் அடிச்சேறு கலங்கி வடிகட்டியை அடைக்கும். இயந்திரம் இரண்டு முறை முனகிவிட்டு நிற்கும். எங்களுக்கு இது இலக்கந்தைக்கு வெளியே நடந்தது. மனைவி சுக்கானைப் பிடித்து, படகின் முன்பக்கமான அணியத்தை அலைக்குக் காட்டிவைக்க முயன்றுகொண்டிருந்தாள். நான் கீழே வடிகட்டியை மாற்றி, காற்றை வெளியேற்றும் சிறு திருகாணியைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தினேன். முதலில் நுரை, பிறகு குமிழி குமிழியாக டீசல், பிறகு குமிழியில்லாத ஒரே ஒழுக்கு. அது வந்த கணமே திருகாணியை இறுக்க வேண்டும். “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று மேலிருந்து கேட்டாள், கரை நெருங்குகிறது என்று சொல்லாமல் விட்டதற்காக அவளுக்குப் பின்னர் நன்றி சொன்னேன். மாற்று வடிகட்டி மூன்றும், அந்தத் திருகாணிக்குப் பொருந்தும் திறப்பானும் இல்லாமல் அந்தப் படகை அவிழ்க்கவே கூடாது. இருவருக்கும் அந்த வேலை தெரிந்திருக்க வேண்டும்; வீட்டு வாசலில் ஒருமுறை கூடப் பழகாதவர் கடலில் பழக முடியாது.

குடித்தன வசதியைப் பற்றி ஆண்கள் எழுதும்போது மழுப்பிவிடுகிறார்கள். திறந்த பைபர் படகில் எட்டு மணி நேரம் ஒரு பெண் எங்கே ஒதுங்குவது? மூன்றரைத் தொன்னில் அறைக்குள் ஒரு மூடி போட்ட வாளியாவது வைக்கலாம், மழைக்கு ஒதுங்கலாம், ஈரம் மாற்றலாம். நவம்பரும் டிசம்பரும் எங்கள் ஊரின் அடைமழை மாதங்கள். நனைந்த உடம்பில் வாடை பட்டால் வெப்ப நாட்டிலும் பல் அடிக்கும். மறுபக்கம், அந்த அறை டீசல் நாற்றமும் இயந்திரச் சூடும் நிறைந்தது. படகோ பக்கவாட்டு அலையில் தொட்டில் ஆட்டம் ஆடும். பைபர் படகில் முதுகு வலிக்கும், இதில் வயிறு புரட்டும். வாந்தி மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்கிப் பெரிய பயனில்லை, புறப்படுமுன்பே போட வேண்டும்.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு, பைபர் படகை விற்க மனமில்லாதவர்களுக்கு. லொறியில் ஏற்றி அநுராதபுரம், புத்தளம் வழியாகக் கற்பிட்டிக்குக் கொண்டுபோய்விடுங்கள். இங்கே வாடை உறுமும்போது அந்தப் பக்கம் தீவின் மறைவில் இருக்கிறது. புத்தளம் களப்பு மட்டுமே ஒரு வாரத்துக்குக் காணும். சொந்த ஊர்க் கடலை விட்டுப் போவதா என்ற ரோசம் இருந்தால் அதற்கு மருந்தில்லை.

எந்த மாதம் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 1964 டிசம்பர்ச் சூறாவளி, 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைச் சாய்த்தது, 2000 டிசம்பர் 26இல் திருகோணமலையைத் தாக்கியது, 2020 டிசம்பர் 2 இரவு குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையே கரையேறிய புரெவி: எல்லாம் நவம்பர், டிசம்பர்ப் பிள்ளைகள். தைப்பொங்கல் கழியட்டும். ஜனவரிக் கடைசியிலிருந்து மழை ஓயும், பெப்ரவரியில் காற்றும் இறங்கும். டிசம்பர் விடுமுறையைத் தவிர வேறு வழியில்லாத ஆசிரியத் தம்பதியருக்கு உள்துறைமுகமும் மூதூர்ப் பக்கமும் போதும். அதற்குப் பைபர் படகே அதிகம்.

பெப்ரவரியில் இருவராகப் போவதானால் மூன்றரைத் தொன், தெற்கே, வாழைச்சேனை வரை. அதற்கப்பால் ஒலுவில் துறைமுக வாயை மணல் மூடும் கதை ஊரறிந்தது; அறுகம்பை தாண்டி யால பக்கம் போனால் இராவணன் கோட்டைப் பாறைத் தொடர் கரைக்கு வெளியே காத்திருக்கிறது, அதன் மேல் 1873 முதல் வெளிச்சவீடு எரிவது சும்மா இல்லை. புறப்படுமுன் கடற்படைக்கும் மீன்பிடித் துறைமுக அலுவலகத்துக்கும் போகும் வழியையும் திரும்பும் நாளையும் எழுதிக் கொடுங்கள். வாழைச்சேனை வாய்க்குள் நுழையும்போது உள்ளூர்ப் படகொன்று உள்ளே போகும்வரை வெளியே சுற்றிக்கொண்டிருந்து, அதன் பின்னாலேயே போங்கள்.