லேப்டாப் கீபோர்டு வீட்லயே மாத்தலாம், தைரியமா வாங்குங்க

ஆன்லைன்ல வாங்குன கீபோர்டு அருமையா இருக்குங்க, இடைவெளி இல்லாம கச்சிதமா உட்கார்ந்துச்சு, கீயெல்லாம் பழசு மாதிரியே அமுங்குது. ஆனா மாடல் பேர மட்டும் நம்பி ஆர்டர் போடாதீங்க, பழைய கீபோர்டு பின்னாடி இருக்கிற பார்ட் நம்பரைப் பாருங்க, ஒரே மாடல்லயே என்டர் கீ வடிவம் மாறும், பேக்லைட் இருந்தா அதுக்குத் தனி கேபிள் வேற வரும். லேப்டாப்பைக் கழட்டினதும் முதல்ல பேட்டரி கனெக்டரை எடுத்துடுங்க. ரிப்பன் கேபிளை (கீபோர்டை மதர்போர்டோட இணைக்கிற தட்டையான கேபிள்) இழுக்கவே கூடாது, அது சொருகியிருக்கிற இடத்துல இருக்கிற குட்டி லாக்கை நகத்தால மெதுவா தூக்கினா ஈஸியா வந்துரும், அந்த லாக் உடைஞ்சா மதர்போர்டுலதான் கை வைக்கணும். சில லேப்டாப்ல கீபோர்டை ஸ்க்ரூவுக்குப் பதிலா பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டியிருப்பாங்க (ரொம்ப மோசமான டிசைன்), அப்படின்னா மேல் கவரோட சேர்ந்த செட்டாவே வாங்கிருங்க.