எல்டர் ஸ்க்ரோல்ஸ்: 17 வருடம் ஆடியவனின் கணக்கு

எனக்கு முதல் கம்ப்யூட்டர் 2008-ல் வந்தது. கிள்ளானில் வேலை பார்த்த பெரியம்மா மகன் தனக்குப் புதுசு வாங்கிக்கொண்டு, பழையதை செம்பனைக் குலை லோரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். அந்த வருடத்துக் கேம் எதுவும் அதில் ஓடாது. ஓடியது 2002-ல் வந்த மோரோவிண்ட் மட்டும்தான். எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற கேம் வரிசையில் அது மூன்றாவது. அதற்கு முந்தைய அரீனாவையும் டாக்கர்ஃபாலையும் பிறகு தொட்டுப் பார்த்தேன், முடித்ததில்லை. ஆகவே இந்த அனுபவம் மோரோவிண்ட், ஒப்லிவியன், ஸ்கைரிம் மூன்றைப் பற்றியது. ஆன்லைன் பாகத்தை இரண்டு மாதம் ஆடி விட்டுவிட்டேன்; எங்கள் வீட்டு இண்டர்நெட் லைனுக்கு அது சரிப்படவில்லை.

எங்கள் ஊரை வரைபடத்தில் பெஸ்தாரி ஜெயா என்று போட்டிருக்கும். 2007-ல் மாற்றினார்கள். எங்கள் வீட்டில் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான். ஒரு பக்கம் ஈயம் எடுக்கும் கப்பல் தோண்டிப் போட்ட குட்டைகள், மறுபக்கம் செம்பனை. ரப்பர் இருந்த காலம் பாட்டியோடு போயிற்று. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மோரோவிண்ட் என்னைப் பிடித்துக்கொண்டதற்கு இந்த ஊர்தான் காரணம்.

இன்றைய கேம்களில் போகவேண்டிய இடத்துக்கு அம்புக்குறி இருக்கும். மோரோவிண்டில் கிடையாது. பால்மோரா ஊரில் ஒருவர் வேலை சொல்வார்: கோட்டைப் பக்கம் போ, பழைய ட்வெமர் (மறைந்துபோன குள்ளர் இனம்) பாலம் வரும், அதைத் தாண்டு, இடிபாடு தெரியும். அவ்வளவுதான். ஆர்க்ங்தாண்ட் என்ற அந்த இடிபாட்டில் ஒரு புதிர்ப்பெட்டியை எடுத்து வரவேண்டும். கதவு திறக்காது. வெளியே குழாய் மேல் இருக்கும் திருகைத் திருப்பவேண்டும் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு சாயங்காலம். உள்ளே அலமாரியில் சின்னதாகக் கிடக்கும் பெட்டியைக் கண்டெடுக்க மூன்று நாள். சைபர் கபே பையன்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு அது சகஜமாக இருந்தது. எங்கள் பக்கம் வழி கேட்டால் அப்படித்தானே சொல்வார்கள்: பழைய ரப்பர்ப் பால் ஸ்டோரைத் தாண்டு, முனீஸ்வரன் கோயில் வரும், ரெண்டாவது டிவிசன் ரோட்டில் இறங்கு. பால் ஸ்டோரை இடித்துப் பத்து வருடம் ஆகியிருக்கும். ஆனாலும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும்.

சண்டையைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். கத்தி எதிரி உடம்புக்குள் புகுந்து வெளியே வருவது கண்ணுக்குத் தெரியும், ஆனால் படவில்லை என்று கணக்குச் சொல்லும். உள்ளே பகடை உருளுகிறது. தெம்பு அளவு குறைந்திருந்தால் அடி இன்னும் தவறும். புதியவர்கள் ஓடிக்கொண்டே போய்ச் சண்டையில் இறங்குவார்கள், தெம்பு பூஜ்யம், நண்டு கூட ஜெயித்துவிடும். நடந்து போங்கள். இதைச் செய்தாலே பாதிக் குறை தீரும்.

இத்தனை வருடம் என்னைக் கட்டிப்போட்டது சண்டை அல்ல. இந்த உலகத்தில் வரலாறு என்று எதை நீட்டினாலும் அது யாரோ ஒருவர் சொன்னது. நெரெவார் என்ற தலைவன் ரெட் மவுண்டன் போரில் எப்படிச் செத்தான்? கோயில்காரர்கள் சொல்வது, காயத்தால் இறந்தான். ஊர்சுற்றும் ஆஷ்லாண்டர் பழங்குடிகள் சொல்வது, கூட இருந்த மூன்று பேரே கொன்றுவிட்டுத் தெய்வமாக உட்கார்ந்துகொண்டார்கள். அந்த மூவரில் ஒருவரான விவெக்கையே நேரில் போய்க் கேட்கலாம். கொலை நடக்கவில்லை என்று சொல்லுவார். ஆனால் அவர் எழுதிய 36 போதனைகளுக்குள், எண்களை வைத்து வார்த்தைகளைப் பொறுக்கி எடுத்தால் வேறு வாக்குமூலம் ஒளிந்திருக்கிறது. கேம் உங்களிடம் தீர்ப்புச் சொல்வதே இல்லை. பேரரசை நிறுவிய டைபர் செப்டிம் விஷயமும் இப்படியே. வடக்கே அட்மோராவில் பிறந்தவர் என்பது அரசாங்கக் கதை. இல்லை, ஹை ராக்கில் பிறந்த ஹியால்டி என்பவன்தான் என்பது இன்னொரு நூலின் வாதம்.

பாட்டியின் ஐசி என்ற அடையாள அட்டையில் பிறந்த வருடம் 1936. ஜப்பான்காரன் வந்தபோது தனக்குப் பத்து வயசு என்பார் பாட்டி. கணக்குப் போட்டால் 1931 வருகிறது. கேட்டால், “கிராணியாரு என்னா எழுதினாரோ அதான்யா என் வயசு” என்பார். தோட்டத்துக் கிராணி (குமாஸ்தா) செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டில் எழுதியது ஒன்று, தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பேசிக்கொண்டது ஒன்று. அகராதியை வைத்துக்கொண்டு மோரோவிண்ட் புத்தகங்களை எழுத்துக்கூட்டிப் படித்த பதினாறு வயசுப் பையனுக்கு, இவர்கள் நம்மை மாதிரித்தான் என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை. ஆங்கிலமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

அதே கேமில் ட்ரென் தோட்டம் என்று ஓர் இடம் இருக்கிறது. சால்ட்ரைஸ் என்ற பயிர் வயலில் ஆர்கோனியன் (பல்லி மனிதர்), கஜீட் (பூனை மனிதர்) இனத்து அடிமைகள் கையில் காப்பு மாட்டி நிற்பார்கள். தோட்டத்து முதலாளி ஓர்வாஸ் ட்ரென், அந்த நாட்டு டியூக்கின் கூடப்பிறந்தவன். டியூக்கின் மகள் இல்மெனியோ ரகசியமாக அடிமைகளைத் தப்பவைக்கும் ‘இரட்டை விளக்கு’ ஆட்களோடு இருக்கிறாள். ஒரே குடும்பம். என் பாட்டி அடிமை இல்லை, சம்பளம் வாங்கியவர். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் அவரே திட்டியிருப்பார். ஆனாலும் விடியுமுன் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்ற கதையைக் கேட்டு வளர்ந்தவன், அந்த வயலைச் சும்மா தாண்டிப் போக முடியாது. முதல் ஆட்டத்தில் சாவியைத் தேடி எடுத்து ஒவ்வொருவராக விடுவித்துவிட்டுத்தான் கதைக்குத் திரும்பினேன். மெயின் கதை ஒரு மாதம் நின்றது.

ஒப்லிவியன் 2006-ல் வந்தது, நான் ஆடியது 2010-ல். காடு அழகு, கதை சுமார், லெவல் ஏறும் முறை ஒரு தண்டனை. நாம் வளர வளர எதிரியும் வளர்வான். ஒரு கட்டத்தில் ரோட்டில் வழிமறிக்கும் திருடன் கண்ணாடிக் கவசம் போட்டுக்கொண்டு நூறு தங்கம் கேட்பான். அந்தச் சட்டையை விற்றாலே வீடு வாங்கலாம், இவனுக்கு நூறு வேண்டுமாம்! தப்பிக்க வழி, ஒவ்வொரு லெவலுக்கும் எந்தத் திறமையை எத்தனை தடவை ஏற்றினோம் என்று எழுதிவைப்பது. ஒரு குணத்தைச் சேர்ந்த திறமைகள் பத்து முறை ஏறினால்தான் அந்தக் குணம் ஐந்து கூடும். எண்டியூரன்ஸ் என்ற தாங்கும் சக்திக் குணத்தை முதலில் ஏற்றவேண்டும், ஏனென்றால் உயிர் அளவு ஒவ்வொரு லெவலிலும் அதில் பத்தில் ஒரு பங்கு கூடும். விட்டதைப் பிறகு பிடிக்க முடியாது. மளிகைக்கடைக் கடன் எழுதும் 555 புத்தகம் ஒன்றில் இதையெல்லாம் எழுதினேன். அம்மா அதை எடுத்துப் பார்த்துவிட்டு யாருக்கு எவ்வளவு கடன் என்று பதறிப்போனார்.

ஸ்கைரிம் 2011 நவம்பர் 11-ல் வந்தது. எனக்கு 2013-ல் கைக்குக் கிட்டியது. கேம் வாங்கி ஆடும் ஸ்டீம் கணக்கில் இன்றைக்கு 2,300 மணி நேரத்துக்கு மேல் காட்டுகிறது. சம்பளம் கிடைத்திருந்தால் மைவி கார் வாங்கியிருக்கலாம்.

இதில் வியூகம் பேசுவது சுலபம், ஏனென்றால் எல்லா வியூகமும் கேமை உடைத்துவிடும். மந்திரவாதியாகத் தொடங்குபவன் இருபதாவது லெவலில் இருட்டில் குனிந்து அம்பு விட்டுக்கொண்டிருப்பான். இது எனக்கு நான்கு முறை நடந்தது. பதுங்கி எய்தால் இரட்டை அடி, பெர்க் (லெவல் ஏறும்போது எடுக்கும் சலுகை) எடுத்தால் மூன்று மடங்கு. குத்துவாளுக்கு அதுவே பதினைந்து மடங்கு. கவச அளவு 567-ஐத் தொட்டால் உடல் அடியில் எண்பது சதவீதம் குறையும், அதற்கு மேல் ஏற்றுவது வீண். பொருளுக்கு மந்திரம் ஏற்றும் என்சாண்டிங் திறமை நூறுக்கு வந்து பெர்க் எல்லாம் எடுத்தால், நான்கு பொருளில் இருபத்தைந்து சதவீதமாகப் போட்டு ஒரு மந்திர வகையையே இலவசமாக்கலாம்.

இன்னொரு சுற்று இருக்கிறது: ரசவாதத்தை ஏற்றும் மோதிரம், மாலை, கையுறை போட்டுக்கொண்டு நீலப் பட்டாம்பூச்சி இறக்கையையும் ஸ்னோபெரியையும் சேர்த்து என்சாண்டிங்கை ஏற்றும் மருந்து காய்ச்சு, அதைக் குடித்த முப்பது விநாடிக்குள் இன்னும் நல்ல மோதிரம் செய், திரும்பக் காய்ச்சு. இது ஓர் எல்லையில் நிற்கும். ரெஸ்டோரேஷன் என்ற குணமாக்கும் மந்திரத்தை ஏற்றும் மருந்தை இடையில் நுழைத்தால் நிற்கவே நிற்காது, ஒரே அடியில் டிராகன் விழும். ஒருமுறை செய்துபார்த்தேன். அன்றே அந்தக் கேரக்டர் மேல் ஆசை போய்விட்டது.

என் சிபாரிசு வேறு. அழிவு மந்திரம் ஒன்றை மட்டும் வைத்து, இம்பாக்ட் பெர்க் எடுத்து, இரண்டு கையாலும் சேர்த்து வீசுங்கள். டிராகன்கூடத் தடுமாறி நிற்கும். திறமை ஏறினாலும் மந்திரத்தின் அடி ஏறாது என்பது ஸ்கைரிமின் பெரிய குறை, அதனால் கடைசிவரை சண்டை சண்டையாகவே இருக்கும். கொல்லர் வேலையும் என்சாண்டிங்கும் ஒரே ஆளுக்கு வேண்டாம். இது நானே எனக்குப் போட்ட சட்டம், எட்டு வருடமாக மீறவில்லை.

இனி ஸ்கைரிமில் கலகக்காரர்களின் தலைவன் உல்ஃப்ரிக். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கோப்பிக்கடையில் சனிக்கிழமை ராத்திரி நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்தால் இவன் பெயர் வராமல் போகாது. பேரரசு போரில் களைத்து, தால்மோர் எல்ஃபுகளோடு நான்காம் யுகம் 175-ல் ஒப்பந்தம் போட்டது. அதில் ஒரு சரத்து, டைபர் செப்டிமைத் தெய்வமாக்கிய டாலோஸ் வழிபாட்டுக்குத் தடை. உல்ஃப்ரிக் அதை எதிர்த்துக் கிளம்பியவன்.

“சாமி கும்புடக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டது யாரு? உங்க எம்பரர்தானே?” என்பான் ஒருவன்.

குலை லோரி ஓட்டுபவன் விடமாட்டான். “டேய் மச்சான், அவன் சாமிக்காகச் சண்டை போடல லா. நாக்காலிக்காகப் போடுறான்.”

தோட்டம் கைமாறியபோது கோயிலை எங்கே நகர்த்துவது என்று கூட்டம் போட்ட ஆட்கள் நாங்கள். டாலோஸ் தடை எங்களுக்கு வெறும் கேம் கதையாக இருந்ததில்லை. நானும் முதல் ஆட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு உல்ஃப்ரிக்கின் ஸ்டார்ம்கிளோக் பக்கம்தான் சேர்ந்தேன். பிறகு விண்ட்ஹெல்ம் நகரைச் சுற்றிப் பார்த்தேன். டன்மர் எல்ஃப் அகதிகள் ஒரு சந்தில் அடைந்து கிடக்கிறார்கள். ஆர்கோனியன்களுக்கு மதிலுக்குள் வாசம் இல்லை, துறைமுகத்தில் மூட்டை தூக்குவதோடு சரி. உல்ஃப்ரிக்கின் அரண்மனை அங்கிருந்து நடந்துபோகும் தூரம். ‘எங்கள் மண்’ என்பதில் நான் யார் பக்கம் நிற்பேன் என்று அன்றைக்குப் புரிந்தது.

லோரிக்காரன் துருப்புச்சீட்டு ஒன்று வைத்திருக்கிறான்: தால்மோர் தூதரகத்துக் கோப்பு. உல்ஃப்ரிக்கைப் போரில் பிடித்து விசாரித்ததும், அவன் சொன்ன தகவலால்தான் தலைநகர் வீழ்ந்தது என்று அவனையே நம்பவைத்ததும் அதில் இருக்கிறது. ஆனால் அந்தத் தாளை முழுசாகப் படித்தால், ஸ்டார்ம்கிளோக் ஜெயிப்பதும் தால்மோருக்கு ஆகாது. சண்டை இழுத்துக்கொண்டே போகவேண்டும் என்பதே அவர்கள் ஆசை. மார்கார்த் நகரில் உல்ஃப்ரிக் செய்த கொடுமையைச் சொல்லும் புத்தகத்தை எழுதியவரோ பேரரசின் பண்டிதர். அதையும் எவ்வளவு நம்புவது? செக்ரோல் கதைதான் மறுபடியும்.

எழுத்தில் இவ்வளவு நுணுக்கம் இருந்தும் ஆட்டத்தில் அது இறங்கவில்லை என்பது என் மனக்குறை. கஜீட் வணிகர்களை ஊருக்குள் விடமாட்டார்கள், மதிலுக்கு வெளியே கூடாரம் போடுவார்கள். நாமே கஜீட்டாக ஆடினால் காவலாளி பேசாமல் கதவைத் திறக்கிறான். உள்நாட்டுப் போரை முடித்தால் கொடி மாறும், சில நாற்காலிகளில் ஆள் மாறும், விண்ட்ஹெல்ம் சந்து அப்படியே இருக்கும். மோட் (ரசிகர்கள் செய்யும் மாற்றத் தொகுப்பு) போட்டு இதைச் சரிசெய்யப் போய் ஒருமுறை 140 மோட் ஏற்றி, சேவ் எல்லாம் கெடுத்துக்கொண்டேன். குற்றம் என்னுடையது, படிக்காமல் ஏற்றியவன் நான்.

2025 ஏப்ரலில் ஒப்லிவியனைப் புதுப்பித்து விட்டார்கள். லெவலுக்குப் பன்னிரண்டு புள்ளி, வேண்டியதில் போட்டுக்கொள்ளலாம். என் 555 புத்தகத்துக்கு வேலையில்லை. கண்ணாடிக் கவசத் திருடன் மட்டும் இன்னும் இருக்கிறான். ஆறாவது பாகத்துக்கு 2018-ல் ஒரு மலையைக் காட்டினார்கள், அந்த மலையைத்தான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

காத்திருக்கும் நேரத்தில் அக்கா மகனை மோரோவிண்டில் இறக்கிவிட்டிருக்கிறேன். போன வாரம் போன் பண்ணினான்.

“மாமா, ஆர்க்ங்தாண்ட் கதவு தொறக்கல. அம்புக்குறியும் இல்ல.”

“வெளியே கொழா மேல ஒரு திருகு இருக்கும், திருப்பு.”

அரைமணி கழித்து மெசேஜ் வந்தது. கதவு திறந்துவிட்டதாம், பெட்டியைத்தான் காணோமாம்.