பழைய மின்சாரக் கார் எடுக்கப் போறவங்க, பேட்டரி ரிப்போர்ட் கைக்கு வராம அட்வான்ஸ் கொடுக்காதீங்க

எனக்கு வீடு தக்கலைப் பக்கம். வைகாசியில் செகண்ட் ஹேண்டில் ஒரு மின்சாரக் கார் எடுத்தேன், 6,40,000 ரூபாய். ஆடியில் அந்த வண்டி ஆரல்வாய்மொழிப் பக்கம் முப்பந்தலில் அம்மாவோடு என்னை நடுரோட்டில் நிறுத்திவிட்டது. எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் இப்போது இதே மாதிரி வண்டி தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விற்றவர் பழைய கார் வியாபாரி. "ஒரு டாக்டர் வீட்டு வண்டி, ஒரே கை, சார்ஜ் போட்டா 240 கிலோமீட்டர் கண்ண மூடிக்கிட்டு போவும்" என்றார். டிஸ்பிளேயில் 100 சதவீதம், பக்கத்தில் 241 கி.மீ. என்று காட்டியது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை, இழுவை நன்றாக இருந்தது. அந்த 241-ஐ நம்பினேன், நான் ஏமாந்தது அங்கேதான். அது பேட்டரியின் பலத்தை அளந்து சொல்லும் எண் இல்லை. முன்னால் எப்படி ஓட்டினார்களோ அதை வைத்து வண்டி போடும் ஒரு கணக்கு. நாலு நாள் ஏசி போடாமல் மெதுவாக உருட்டினால் எந்த வண்டியும் பெரிய எண்ணைக் காட்டும்.

முதல் இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. தினமும் முப்பது கிலோமீட்டர் ஓட்டம், ராத்திரி வீட்டில் சார்ஜ், காலையில் மறுபடி 100. இப்படி ஓட்டினால் பாதி செத்த பேட்டரிகூட முழுசாகத்தான் தெரியும்.

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்த பிறகு பரிசோதனைக்குத் திருநெல்வேலி போனோம். போய்ச் சேர்ந்தபோது 38 சதவீதம். ஃபாஸ்ட் சார்ஜரில் 80 வரை ஏற்றினேன். பில்லில் 8.3 யூனிட் என்று இருந்தது. என் வண்டி பேட்டரி 30 யூனிட். 42 சதவீதம் ஏற வேண்டுமென்றால் பன்னிரண்டரை யூனிட்டுக்கு மேல் உள்ளே போயிருக்க வேண்டும். நான் அதைப் பார்த்துவிட்டு, காசு குறைவு என்று சந்தோஷப்பட்டுப் பையில் வைத்தேன். குறைந்த யூனிட்டிலேயே சதவீதம் ஏறுகிறது என்றால் பேட்டரி சுருங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தத் துண்டுச் சீட்டிலேயே எல்லாம் இருந்தது.

திரும்பும்போது காவல்கிணறு தாண்டியதும் ஆடிக்காற்று எதிரே நின்று தள்ளியது. ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். எதிர்காற்றில் எந்த மின்சார வண்டியும் கூடுதலாகத் தின்னும், அது குறை இல்லை. ஆனால் 22 சதவீதத்திலிருந்து சரசரவென்று 6-க்கு விழுந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தும் வேகம் ஏறவில்லை. ஓரம் கட்டுவதற்குள் நின்றுவிட்டது. அம்மா கறுப்புக் கண்ணாடியோடு, சேலைத் தலைப்பால் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்தால் மண் அடிக்கிறது. முதலில் வந்த ரெக்கவரி வண்டிக்காரர் கயிறு கட்டி இழுக்கலாம் என்றார். நான் விடவில்லை. சக்கரம் தரையில் உருண்டால் மோட்டாரே கரண்ட் உண்டாக்கி உள்ளே கெடுத்துவிடும். முழு வண்டியையும் தூக்கி வைக்கும் லாரிக்காக இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம்.

சர்வீஸ் சென்டரில் சோதித்த தம்பி சொன்னது, பேட்டரி ஆரோக்கியம் 63 சதவீதம் (புதுசில் பிடித்த கரண்டில் இப்போது அவ்வளவுதான் பிடிக்கும்), சில செல்கள் மற்றவற்றைவிட ரொம்பக் கீழே. அதோடு முடியவில்லை. பேட்டரிப் பெட்டியின் சீல் வெளியாள் கையால் பிரிக்கப்பட்டிருக்கிறது. பல கம்பெனிகள் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி தருகின்றன. இந்த வண்டிக்கும் வருடம் பாக்கி இருந்தது. சீல் பிரிந்ததால் அது செல்லாது என்றார்கள். புது பேட்டரிக்குச் சொன்ன தொகை வண்டி விலைக்குப் பக்கத்தில் வருகிறது.

பிறகு அந்தத் தம்பி கதவுத் தூணைக் காட்டினான். "அண்ணே, இது டாக்ஸி ஓடுன வண்டில்லா." டாக்ஸிகளில் சிவப்பு அவசரப் பொத்தான் வைப்பார்களே, அதற்குப் போட்ட இரண்டு துளைகள், சாம்பல் நிற மூடியால் அடைத்திருந்தது. மூன்று மாதம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன். மின்சார டாக்ஸிக்குப் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து, சொந்த வண்டிக்கு வெள்ளை எழுத்து. எழுத்து மாறிய பிறகுதான் என் கைக்கு வந்திருக்கிறது. பழைய இன்சூரன்ஸ் காகிதத்தைக் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

வியாபாரியிடம் போனேன். "வண்டிய பாத்துதான எடுத்திய?" என்று, நான் கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினார். 'உள்ளது உள்ளபடி' என்று பொடி எழுத்தில் ஒரு வரி.

மின்சார வண்டியே மோசம் என்று இதைப் படித்துவிட்டுச் சொல்லாதீர்கள். என் மச்சான் இரண்டு வருடமாகப் புது வண்டி ஓட்டுகிறான், ஒரு குறையும் இல்லை. வீட்டில் சார்ஜ் போட்டால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்கூட ஆவதில்லை. களியக்காவிளை நெரிசலில் கிளட்ச் மிதித்து முட்டு வலிப்பது கிடையாது. பேச்சிப்பாறை ரோட்டு இறக்கத்தில் காலை எடுத்தாலே சார்ஜ் திரும்ப ஏறுகிறது. வடசேரியில் மின்சார டாக்ஸி ஓட்டும் ஒரு அண்ணன் சொன்னதும் சரிதான்: "ஓட்ட சொகம் மக்கா. வெளியூரு போனா சார்ஜர் வேலை செய்யுமா, முன்னால எத்தன வண்டி நிக்கும்னு நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருக்கும்." இந்தக் குறைகளைத் தெரிந்தேதான் வாங்கினேன். மறைத்து விற்றதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

வாங்கப் போகிறீர்கள் என்றால், அட்வான்ஸுக்கு முன்னால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் உங்கள் செலவிலேயே பேட்டரியைச் சோதித்து, எழுத்தில் வாங்குங்கள். வாரன்டி உங்கள் பெயருக்கு மாறுமா என்பதையும் அங்கேயே கேளுங்கள். வியாபாரி மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். சர்வீஸ் சென்டரில் சோதிக்க வழியில்லை என்றால், சார்ஜ் 20 சதவீதத்துக்கு இறங்கும் வரை ஓட்டிவிட்டு பொது சார்ஜரில் ஏற்றி, உள்ளே போன யூனிட்டைக் கணக்குப் பாருங்கள்.

நான் 1915 நுகர்வோர் எண்ணில் புகார் பதிந்தேன், பலன் இல்லை. இப்போது நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய்தான், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் சொன்னபடி வண்டியில் கை வைக்காமல் முற்றத்தில் நிறுத்தியிருக்கிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் சார்ஜிங் பில், விற்பனைத் தாள், ஒரு சார்ஜுக்கு இவ்வளவு தூரம் ஓடும் என்று வாட்ஸ்அப்பில் அவர்கள் சொன்னது, எதையும் அழித்துவிடாதீர்கள். என் வழக்கில் அந்த 8.3 யூனிட் சீட்டைத்தான் வக்கீல் முதல் ஆதாரமாக வைத்திருக்கிறார்.