தமிழ் வழி தெலுங்கு ஆன்லைன் கிளாஸ்: நேனு, நுவ்வு, மீரு பாடம் செம
ஹைதராபாத்துக்கு வேலைக்குப் போறவங்களுக்காக தமிழ்லயே எடுக்குற கிளாஸ் இது, பிரதிப்பெயர் பாடம் உண்மையிலேயே சூப்பர். நேனு (நான்), நுவ்வு (நீ), மீரு (நீங்க) சீக்கிரம் முடிஞ்சிருது, மேமு மனம் அப்படியே நம்ம நாங்க நாம தான். அவன் அவர் பக்கம்தான் விஷயமே, வாடு, அதனு, ஆயன, வாருன்னு மரியாதை ஏறிட்டே போகுது, யார்கிட்ட எதைச் சொல்லணும்னு மேடம் பேசியே காட்டுறாங்க. பொண்ணுங்களுக்கு ஆமெ, ஆனா வினை அஃறிணை மாதிரியே, ஆமெ வச்சிந்தி (அவ வந்தா), பஸ்ஸும் வச்சிந்தி (வந்துச்சு), நமக்கு ஒரு மாதிரி இருக்கும் ஆனா அங்க அதுல அவமரியாதை எதுவும் கிடையாது, பன்மைல ஆணோ பொண்ணோ வாள்ளு வச்சாரு (அவங்க வந்தாங்க) தான். நாகு, நீகு, மீகு (எனக்கு, உனக்கு, உங்களுக்கு) மட்டும் ரொம்ப அவசரமா ஓட்டிட்டாங்க, ஆட்டோ, கடை எல்லாத்துக்கும் அதுதானே வேணும், அதுக்கு இன்னொரு கிளாஸ் கண்டிப்பா சேர்க்கணும்.