முழங்கால் நோவுக்கு முன்காசு கட்டாதீர்கள்: எனக்குப் போனது 42,000 ரூபாய்

நேற்றுப் பின்னேரத்தோடு தெரிந்துவிட்டது, என் 42,000 ரூபாய் இனி வராது. திருகோணமலையில் டெனிஸ் ஆடுகிறவர்கள் கொஞ்சப் பேர்தான், ஒருவரை ஒருவர் கேட்டுத்தான் வைத்தியத்துக்கும் போகிறோம், அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

எனக்கு இடது முழங்கால். வலக்கைக்காரன், சேர்வ் போட்டு இடது காலில்தான் விழுவேன், அதுவும் சீமெந்துக் கோர்ட்டில். முழங்கால் சிரட்டைக்குக் கீழே மூன்று மாதமாக நோ, உவர்மலை இறக்கத்தில் நடந்தாலே குத்தும்.

டவுனுக்குள் கடைக்கு மேல்மாடியில் ஒரு தனியார் பிசியோதெரபி அறை. முதல் நாளே அதை நடத்துகிற ஆள் ஒன்றும் கேட்காமல் சிரட்டையின் கீழ் விளிம்பில் பெருவிரலை வைத்து ஒரு அழுத்து, "இதுதானே தம்பி இடம்?" என்றார். உயிர் போய் வந்தது. அந்த ஒரு அழுத்தில் நம்பிவிட்டேன். (டெனிஸ், வொலிபோல் ஆடுகிறவர்களுக்கு முழங்காலில் தசைநாண், அதாவது தசையை எலும்போடு பிணைக்கிற நார், நோகிற இடம் பெரும்பாலும் அதுதான் என்று இப்போதுதான் தெரியும்.) 12 தடவை, தடவைக்கு 3,500, முழுக்க இன்றைக்கே கட்டினால் நேரத்தை எனக்கென்றே ஒதுக்குவாராம். கட்டினேன். விசிட்டிங் கார்ட்டின் பின்னால் தொகையை எழுதித் தந்தார், அதைப் பற்றுச்சீட்டு என்று பத்திரமாக வைத்தேன்.

பிறகு ஆளைக் காணவே இல்லை. ஒரு பெடியன் வந்து கரண்ட் பேட் நான்கை ஒட்டி, சிவப்பு லைட்டைத் திருப்பிவிட்டுப் போனோடு வெளியே போய்விடுவான், 20 நிமிடத்தில் "சரி அண்ணா, நாளைக்கு வாங்க". ஒரு பயிற்சி இல்லை. ஆடலாமா என்று நானே கேட்டதற்கு "ஒன்றும் செய்யாது" என்றான். ஆடினேன். ஏழாம் தடவை முடிந்து வந்த அன்று நிலத்தில் குந்த முடியவில்லை.

காசைத் திருப்பிக் கேட்டதும் "கொழும்பில் நிற்கிறேன், வந்து கதைப்போம்". அடுத்த கிழமை "மிஷின் பழுது". அப்புறம் போனையே எடுக்கவில்லை. நேற்று நேரில் போனால், "கார்ட்டில் எழுதினதெல்லாம் கணக்கில்லை தம்பி, வராமல் விட்டது நீங்கள்தானே" என்று இருந்த ஆட்களுக்கு முன்னால் சொல்கிறார். ஏழு தடவை போன என்னைப் பார்த்து! 42,000 ரூபாய்!

இடையில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஒரு சதம் எடுக்கவில்லை. அங்கிருந்த பிசியோ அக்கா ஒற்றைக் காலில் மெல்லக் குந்தி எழும்பச் சொல்லிப் பார்த்தார், கிழமைக்கு எத்தனை நாள் ஆடுகிறேன் என்று கேட்டார். தாங்கும் அளவுக்கு மேல் பாரம் ஏறித்தான் தசைநாண் நோகிறது, சூடும் கரண்டும் கொஞ்ச நேரம் நோவை அமத்தும், தசைநாணைப் பலமாக்காது என்றார். இப்போதைக்குச் சுவரில் முதுகைச் சாய்த்து அரைக் குந்தலில் 45 விநாடி, ஐந்து தரம். நோ அடங்க அடங்கப் பாரம் கூட்டி மெதுவாகக் குந்தி எழும்புவது, பிறகு குதிப்பு, கடைசியில்தான் சேர்வ். மூன்று மாதமாவது பிடிக்குமாம்.

விரிவாக எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. முழுக் காசையும் முதலே கட்டாதீர்கள். இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று கேளுங்கள். மிஷினை ஒட்டிவிட்டுப் பயிற்சி தராவிட்டால் இரண்டாம் நாளே எழும்பி வாருங்கள். அந்த மேல்மாடியில் வேறு யாரும் காசு கொடுத்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள், திங்கட்கிழமை முறைப்பாடு கொடுக்கப் போகிறேன், சேர்ந்தே போவோம்.